அண்ணி சொல்லாத பெயர்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களை எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போனவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு நடந்த எதிலும் யாரும் இதைச் சொல்லவில்லை.

இலங்கையில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பெல்மதுளைச் சந்தியில் என் கணவருக்குப் புடவைக் கடை இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. விரிவுரையாளர் அம்மா ஒருவரும் இரண்டு மாணவிகளும் இறங்கி, மலைக்கு மேலே இருக்கும் தோட்டத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். அந்த அம்மா சிங்களவர். ஆனால் தமிழ் படித்திருந்தார். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து வைத்துப் பேசினார். இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களின் கதைகளைச் சேர்க்கிறார்களாம். மக்களிடம் கேட்டுக்கொண்டு போய்விடும் ஆராய்ச்சி இல்லையாம், மக்களோடு சேர்ந்து செய்வதாம். கடைசியில் பெல்மதுளையிலேயே எல்லோரையும் அழைத்து ஒரு நிகழ்ச்சி வைப்பார்களாம். கதை சொன்னவர்களே அதில் மேடையேறிப் பேசுவார்களாம்.

மேடை என்றதும் நான் முழக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். "கடையப் பாத்துக்குங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன்.

ஏறாமல் என்ன செய்வது? அந்தத் தோட்டத்தில் ஏ.எல். உயர்தர வகுப்பு வரை படித்த முதல் பெண் நான். அப்பா ஏழு வயதில் கப்பலேறி வந்த கதையைப் பாடசாலையில் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கியவள். கூலிக் கப்பல், கொழும்பில் இறங்கியது, அங்கிருந்து பெல்மதுளை வரை வந்த சின்ன ரயில், காட்டு வழியில் தலையில் மூட்டையோடு ஏறியது, அட்டைக்கடி, எல்லாம் அதில் இருந்தது. 'கண்ணீரும் செந்நீரும் சிந்தி' என்று ஆரம்பிக்கும். அந்தக் கட்டுரை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

அப்பா அப்போது உயிரோடு இல்லை. கடைசி வரை அண்ணனோடு, நாங்கள் பிறந்த அதே லயத்தில், வரிசை வீட்டுக் காம்பராவில்தான் இருந்தார். நாங்கள் போனபோது அண்ணி பால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையில் ரப்பர் பால் காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது. விருந்தாளிகளைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்லது என்று நினைத்தேன். மாணவி ரெக்கார்டரை என் முன்னால் வைத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஒரு தடங்கலும் இல்லாமல் முழுவதையும் சொன்னேன். விரிவுரையாளர் அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "மிக அழகான தமிழ்" என்றார். அத்தோடு என் பக்கம் முடிந்தது. அண்ணி பால் ஊற்றாத பிளேன்டி கொண்டுவந்து வைத்தபோது, சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, "உங்கள் மாமா கடைசிக் காலத்தில் என்ன சாப்பிடுவார்?" என்று அவளிடம் கேட்டார்.

"ரொட்டிய பிளேன்டியில நனைச்சு நனைச்சுக் குடுக்கணும் மிஸ்" என்றாள் அண்ணி. "பல்லு இல்லல்ல. ஆனா வாசலப் பாத்துத்தான் உக்காருவாரு. செவுத்துப் பக்கம் திருப்பி வச்சோம்னா வாயத் தொறக்க மாட்டாரு."

மாணவி ரெக்கார்டரை எடுத்து அண்ணியின் பக்கமாக வைத்தாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பிளேன்டியும் ரொட்டியும் வரலாறா? கப்பலை விட்டுவிட்டுக் கிழவருக்குப் பல் இல்லாததைப் பதிவு செய்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. வேனில் திரும்பி வரும்போது அந்த அம்மா, "உங்கள் அண்ணி நல்ல கதைசொல்லி" என்றார். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு அவர்கள் பலமுறை வந்தார்கள். ஒருமுறையும் கடையில் நிற்கவில்லை. வேன் சந்தியைத் தாண்டி மேலே போவதைக் கல்லாவில் இருந்தபடியே பார்ப்பேன். "ஒங்க அண்ணிகிட்ட போறாங்க போல" என்பார் கணவர். அவர் சும்மா இருந்திருக்கலாம்.

அண்ணி மீது எனக்கு இருந்த எரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது இல்லை. அப்பாவுக்கு நடக்க முடியாமல் போன பிறகு அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, எல்லாம் செய்தவள் அவள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் கடையிலிருந்து புது வேட்டி சட்டை கொண்டுபோவேன். அதைத் துவைத்துக் கட்டிவிடுவாள் அவள். அப்பா அவளிடம் மணிக்கணக்காகப் பேசுவார். நான் போனால், "வா பாப்பா, கட எப்படிப் போகுது?" என்பார். அத்தோடு சரி. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் நான் பாப்பாதான். அண்ணனை மட்டும் மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கும் பெயர் இருக்கிறது என்பதைப் பாடசாலையில் டீச்சர் வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோதுதான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் அதற்காக அண்ணன் மீது எத்தனையோ நாள் புகைந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், நடக்க முடிந்த காலத்தில், அப்பா சந்திக்கு இறங்கி வருவார். கடைக்குள் மட்டும் வரமாட்டார். வாசலில் நின்று, முன்னே சின்ன ரயில் ஓடிய பக்கமாகவே பார்த்துக்கொண்டிருப்பார். தண்டவாளத்தையெல்லாம் எப்போதோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மருமகனின் கடையைவிட அந்த வெறும் புல்தரைதான் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று எனக்குக் கோபம் வரும்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அவள் எனக்கு மூத்தவள், கூப்பிடலாம். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு திடீரென்று அதை விட்டுவிட்டு, "தங்கச்சி, நீங்க" என்று ஆரம்பித்தாள். நான் கடைக்காரன் பெண்டாட்டி என்று குத்திக்காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சிக்கு முன்னால், கண்காட்சியில் வைக்கக் குடும்பத்துப் பழைய பொருள்கள் வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணி அப்பாவின் கம்பளியையும் கைத்தடியையும் கொடுத்தாள். நானும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அப்பாவின் பொருள் என்று என்னிடம் ஒரு துணிகூட இல்லை. கடைசியில், அப்பா பக்கத்தில் நிற்கும் என் கல்யாணப் படத்தை அனுப்பினேன். அடுத்த வாரமே, பத்திரமாகக் காகிதத்தில் சுற்றி, நன்றியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் என்னிடம் ஒன்று இருந்தது. கண்காட்சியில் வைக்கக்கூடியது இல்லை அது.

அப்பா கண்ணை மூடுவதற்கு முதல் நாள், ஆள் அனுப்பி என்னை அழைத்திருந்தார்கள். கடையில் பண்டிகை வியாபாரம், கிளம்பத் தாமதமாகிவிட்டது. நான் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தார். அண்ணன் கூப்பிட்டுப் பார்த்தான், கண் திறக்கவில்லை. நான் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தேன். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயரை, முழுசாக, வாழ்க்கையில் முதல் தடவையாக. "வந்துட்டியா? இம்புட்டு நேரமா?" என்று கேட்டார். "வந்துட்டேன்ப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை.

காரியம் முடிந்த வீட்டில் இதை நான் அண்ணியிடம் எத்தனை முறை சொல்லிக் காட்டியிருப்பேன்! வருஷக்கணக்காக ஊட்டியவள் அவள், பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அண்ணன், ஆனால் கடைசியில் அவர் தேடியது என்னை. அண்ணி ஒவ்வொரு முறையும், "ஆமா தங்கச்சி" என்று மட்டும் சொல்வாள். அவளால் பொறுக்க முடியவில்லை என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போகும்.

நிகழ்ச்சிக்குப் புடவை எடுக்க அண்ணி என் கடைக்குத்தான் வந்தாள். நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவள் நிறத்துக்கு எடுக்காது என்று பார்த்துக் கடுகு மஞ்சளில் ஒன்றைக் கொடுத்தேன். அன்றைக்கு அதை அவளுக்கு உடுத்திவிட்டதும் நான்தான். பாழாய்ப்போன புடவை, அவளுக்கு அத்தனை பொருத்தமாக இருந்தது.

நிகழ்ச்சி பெல்மதுளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மூன்று மொழிகளில் பேனர் கட்டியிருந்தார்கள். சுவரோரமாகப் பலகைகளில் படங்கள். நுழைந்ததுமே எதிரில், ஆளுயரத்துக்கு, பால் வாளியோடு சிரிக்கும் அண்ணி. அதன் கீழே மேசை மீது அப்பாவின் கம்பளி. 'தொட வேண்டாம்' என்று அட்டை வைத்திருந்தார்கள். என் அப்பாவின் கம்பளியை நான் தொடக்கூடாதாம்!

மண்டபம் நிறைந்துவிட்டது. பல தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பஜார் ஆட்கள், சிங்களப் பாடசாலைகளின் ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள். குடும்பத்தினர் என்று என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் விரிவுரையாளர் அம்மா, மற்றதில் அண்ணி. தமிழில் கேள்வி கேட்டு, அண்ணி சொல்வதைச் சிங்களத்தில் சபைக்குச் சொல்வது ஏற்பாடு.

"இந்தியாவில் இருந்து உங்கள் குடும்பத்தில் வந்தவர் உங்கள் மாமா. அவர் பெயர் என்ன?" என்பது முதல் கேள்வி.

அண்ணி லேசாகச் சிரித்தாள்.

அந்த அம்மா, பயப்படுகிறாளோ என்று நினைத்து, இன்னும் மெதுவாகக் கேட்டார். அண்ணி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். மூன்றாவது முறை கேட்டபோது தரையைப் பார்த்தபடி தலையை அசைத்தாள். தோட்டத்துச் சனங்களுக்கெல்லாம் விஷயம் புரிந்துவிட்டது. பின்னால் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்வாளா? அதுவும் மைக்கில்?

விரிவுரையாளர் அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் முகம் கனத்துவிட்டது. சபையைப் பார்த்துச் சிங்களத்தில், பெயர்கூட யாருக்கும் நினைவில் இல்லாமல் போய்விட்டது, இந்த மக்கள் இழந்தவை எத்தனை எத்தனை என்று உருக்கமாகச் சொன்னார். "அனே, பவ்", ஐயோ பாவம் என்று சிங்கள ஆசிரியைகள் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் அப்பாவுக்குப் பெயர் இல்லையா? எழுந்து நின்று, மைக் இல்லாமலே, அப்பாவின் பெயரை மண்டபம் அதிரச் சொன்னேன். அவர் அப்பாவின் பெயர், ஊரின் பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு சிங்களத்திலும் விளக்கினேன். மறக்கவில்லை, மருமகள் மாமனார் பெயரைச் சொல்வது எங்களில் மரியாதை இல்லை, அவ்வளவுதான். சபையே சிரித்துக் கைதட்டியது. அந்த அம்மாவும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்து, மன்னிப்புக் கேட்டார். மாணவி ஓடிவந்து மைக்கை என் கையில் கொடுத்தாள்.

இத்தனை மாதம் காத்திருந்தது இதற்குத்தான். 'கண்ணீரும்' என்று ஆரம்பித்தேன்.

"நன்றி அக்கா. நீங்கள் அப்படியே நில்லுங்கள், பெயர் தேவைப்பட்டால் உங்களிடம் கேட்கிறோம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அண்ணியின் பக்கம் திரும்பிவிட்டார். சபை மறுபடியும் சிரித்தது. கையில் மைக்கோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மாமாவோடு யார் யார் வந்தார்கள்?"

"அவுக அம்மா, அப்பா" என்றாள் அண்ணி. "அக்காவும் கெளம்பி வந்தாங்க."

எந்த அக்கா? அப்பாவுக்கு அக்கா இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. என் கட்டுரையில் அப்படி யாரும் கிடையாது.

அண்ணி மைக்கைப் பார்க்காமல், மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கப்பலு ஏறுறதுக்கு முந்தி கேம்புல நிப்பாட்டி கண்ணு, நாக்கு எல்லாம் பாப்பாங்களாம். அந்தப் புள்ளைக்கு மேலு கொதிச்சிருக்கு. இவ நிக்கட்டும், சொகமானா அடுத்த கப்பல்ல அனுப்புறோம்னு சொல்லிட்டாங்களாம். கூட வந்த ஒரு கெழவிகிட்ட விட்டுட்டு இவுங்க ஏறிட்டாங்க. மாமாதான் அழுதாராம், அந்தப் புள்ள அழலயாம். இங்க வந்து சேந்தப்பறம், சின்ன ரயிலு கூவுற சத்தம் கேட்டா போதும், மாமா மலையில இருந்து எறங்கி ஓடிருவாராம். அக்கா எறங்குதான்னு பாக்க. மழையா வெயிலான்னு பாக்க மாட்டாராம். ஆளா வளந்து, கல்யாணமாயி, ரயிலே நின்னு போன பொறகும் அந்தப் பக்கம் பாக்குறத விடல."

சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாவின் குரல் இரண்டு முறை நின்றது. நான் என் கடை வாசலை நினைத்துக்கொண்டேன்.

"அந்த அக்காவின் பெயர்?" என்று கேட்டார் அந்த அம்மா.

அண்ணி மறுபடியும் தலையைக் குனிந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவுங்க எனக்கு மாமியா மொற, நான் சொல்லக்கூடாது. தங்கச்சிதான் சொல்லணும்" என்றாள். "தங்கச்சி பேருதான் அவுங்க பேரு. மாமா அவுக அக்கா பேரத்தான் மகளுக்கு வச்சாரு. அது தெரிஞ்சதுலயிருந்து நானும் அந்தப் பேரச் சொல்றதில்ல. மாமாவும் வச்சாரே ஒழிய, கூப்பிட வாய் வரலன்னாரு. பாப்பான்னே சொல்லிப் பழகிட்டாரு."

மண்டபமே என் பக்கம் திரும்பியது. மைக் என் கையில்தான் இருந்தது. என் பெயரைச் சொன்னேன். என் குரலே யாருடையதோ போல ஒலிபெருக்கியில் கேட்டது. நெடுநேரம் கைதட்டினார்கள்.

எதற்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைதட்டலுக்கு நடுவே எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. வந்துட்டியா, இம்புட்டு நேரமா.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். அண்ணியைச் சுற்றிக் கூட்டம். ஆசிரியைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள், அவளும் சரளமான சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். ஒருவர் புடவை எங்கே வாங்கியது என்றுகூடக் கேட்டார். நான் ஓரமாக நின்று காத்திருந்து, அவள் தனியாக வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனேன்.

"எங்கிட்ட ஏன் அப்பா இதச் சொல்லல?"

"ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல முடியாதுன்னாரு தங்கச்சி. நான் வேற வீட்டுப் பொண்ணுதானே. எங்கிட்டச் சொல்றது லேசு."

"நீங்க ஏன் சொல்லல?"

அண்ணி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "நீங்க அந்தக் கடைசி நாளு கதையச் சொல்றப்ப ஒங்க மொகம் அப்படி இருக்கும். எப்படிச் சொல்றது? இன்னைக்கு அந்த மிஸ் கேட்டப்ப வாயில தானா வந்துருச்சு."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அன்னைக்கு அப்பா கூப்பிட்டது என்னையா, அவுங்களையா?"

"ஒங்களத்தான். வேற யார?" என்றாள் உடனே.

அண்ணி எதற்கும் யோசிக்காமல் பதில் சொல்பவள் இல்லை. ரொட்டிக்கு உப்புப் போதுமா என்று கேட்டால்கூடக் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்வாள்.

அவள் வேனில் ஏறிப் போனாள். தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோய் விட அவர்களே வேன் வைத்திருந்தார்கள். நான் சந்திவரை நடந்து வந்து, கடைக்குள் போகாமல் வாசலில் நின்றேன். ரயில் ஓடிய பக்கம் யாரோ மாட்டைக் கட்டியிருந்தார்கள். இத்தனை காலம் அண்ணன் மீதும் அண்ணி மீதும் பட்டதெல்லாம் ஒரு பொறாமையே இல்லை என்று அப்போது பட்டது. முகம் தெரியாத, காய்ச்சலில் அழாமல் நின்ற அந்தப் பெண்பிள்ளை மீது எனக்கு வந்தது வேறு. என் பெயர் அவளுடையது. பெயரை விட்டால் என்னிடம் இருந்த ஒரே ஒரு சாயங்காலமும் அவளுடையது. ஆயுள் முழுக்க அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததும் அவளுக்காகத்தான்.

ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் வந்து நின்றவள் அவள் இல்லை. "வந்துட்டேன்ப்பா" என்று சொன்னவள் நான். அந்தக் கையைப் பிடித்திருந்தவளும் நான்தான். அதை அவளுக்குக் கொடுக்க மாட்டேன்.